பத்து நாள் உயிரோடு இருக்க வேண்டிய நாய்

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் ஈஜிபுராவில் ஜல்லிக் குவியல் இல்லாத தெருவே கிடையாது. யாராவது ஒருவர் மாடி எடுத்துக்கொண்டே இருப்பார். லாரி வந்து தெருவில் பாதியை ஜல்லிக்கும் மீதியை மணலுக்கும் கொடுத்துவிட்டுப் போய்விடும். எங்கள் நாய்க்கு அந்த ஜல்லிதான் பந்து. யார் எறிந்தாலும் பாய்ந்து போய்க் கவ்விக்கொண்டு வந்து காலடியில் போடும். தெருப் பிள்ளைகள் எறிவார்கள், என் கணவர் எறிவார், வேலை வெட்டி இல்லாத நேரத்தில் நானும் எறிந்திருக்கிறேன். கல்லைக் கவ்வினால் பல் போகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாயின் பல் இரும்பு என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நாங்கள் இருந்தது ஒரு வட்டாரத்தில். ஒரே கேட்டுக்குள் எதிரும் புதிருமாக வாடகை வீடுகள், நடுவில் முற்றம், எல்லோருக்கும் ஒரே குழாய். அதைத்தான் பெங்களூரில் வட்டாரம் என்பார்கள். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் வீட்டில் என்ன சண்டை என்று யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை. என் கணவருக்குப் பொம்மனஹள்ளியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே வாசலில் கிடந்த குட்டியைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர் அவர். கொண்டுவந்ததோடு அவர் வேலை முடிந்தது. வளர்த்தது நான். நான் வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். நாய் மெஷினுக்கு அடியில் பெடலை ஒட்டிப் படுத்திருக்கும். எங்களுக்குக் குழந்தை இல்லை, அதனால்தான் நாயைக் கொஞ்சுகிறாள் என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

எதிர்வீட்டில் தர்மபுரிப் பக்கத்துக் குடும்பம். அவர் ஆட்டோ ஓட்டினார். அவர் மனைவி என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், அக்கா அக்கா என்று என்னிடம் ஒட்டிக்கொண்டவள். அவர்களுக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. அது என்னைப் பெரிம்மா என்று கூப்பிடும். ஆனால் அது எங்கள் வீட்டுக்கு வந்தது எனக்காக இல்லை. கையில் பிஸ்கட் இருந்தால் தனக்கு ஒரு கடி, நாய்க்கு ஒரு கடி. அம்மாக்காரி பார்த்துவிட்டால் முதுகில் ஓர் அடி விழும். மறுநாள் மறுபடியும் அதே பிஸ்கட், அதே நாய்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் நாய் கொண்டுவந்து போட்ட கல்லில் ரத்தம் இருந்தது. என் கணவர் அதன் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தார். கன்னத்துப் பக்கம் இருக்கும் பெரிய பல் நெடுக்காகப் பிளந்து, ஒரு துண்டு ஆடிக்கொண்டிருந்தது. பிளவின் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது.

நாயை ஏற்ற எந்த ஆட்டோக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார். எதிர்வீட்டுக்காரர்தான் சீட்டில் சாக்கை விரித்து எங்களை மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். போகும் வழியெல்லாம் கண்ணாடியில் நாயைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். "பாவம் அக்கா, மனுசனா இருந்தா வாய்விட்டுச் சொல்லும்" என்றார்.

மாட்டு டாக்டர் பார்த்தது ஒரு நிமிஷம் இருக்கும். "வேர் வரைக்கும் போயிருக்கு. உள்ள நரம்பு தெறந்து கெடக்கு. மயக்கம் குடுத்துப் புடுங்கணும். அதுக்கான டாக்டர் லீவு. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றார்.

"அதுவரைக்கும் அது எப்படிச் சாப்பிடும்?" என்று கேட்டேன்.

"கல்லு குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்து நின்ற பசுவிடம் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் பல்லிலேயே ஒன்றை உடைத்திருப்பேன். கொடுத்த மாத்திரையைத் தயிர்சோற்றில் மறைத்து வைத்தால் சோற்றை விழுங்கிவிட்டு மாத்திரையைத் தரையில் துப்பியது. நாலைந்து நாளில் சோற்றையும் விட்டுவிட்டது. கண்ணுக்குக் கீழே வீங்கியது. வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் ஒழுகியது. வெளிச்சத்துக்கு வராமல் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. குழாய்த் தண்ணீரில் நாக்கு வைத்தால் அலறிக்கொண்டு பின்வாங்கியது. நான் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி வைத்துப் பார்த்தேன். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நல்ல கன்னத்தின் பக்கமாக மெதுவாக நக்கிக் குடித்தது. அதற்குப் பிறகு அதற்கென்று ஒரு சொம்பு எப்போதும் அடுப்பில் இருந்தது.

எங்கள் வட்டாரத்தில் பல்வலி என்றால் லவங்கம். வலிக்கிற பல்லில் ஒரு லவங்கத்தை வைத்துக் கடித்துக்கொள்வதுதான் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். அந்த மாதம் முழுக்க குழந்தையின் அம்மாவுக்கே சொத்தைப்பல் வலி. எந்நேரமும் கன்னத்தில் லவங்கத்தை அடக்கிக்கொண்டு திரிந்தாள். குழந்தை அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. என் கணவர் நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்ததையும் பார்த்திருக்கிறது. ஒரு மத்தியானம் அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு லவங்கத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தது. மெஷின் சத்தத்தில் அது வந்தது எனக்குக் கேட்கவில்லை. நாய் அலறியதுதான் கேட்டது. அடுத்த கணம் குழந்தையும் அலறியது.

குழந்தையின் உள்ளங்கை ஓரத்தில் இரண்டு பற்கள் பதிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. நாய் டிரம்முக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒட்டி நடுங்கியது. தரையில் எச்சில் பட்ட லவங்கம் கிடந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடி, சோப்புப் போட்டுக் கழுவினேன். அதற்குள் வட்டாரமே கூடிவிட்டது. ஒருத்தி மிளகாய்ப்பொடியைக் கொண்டுவந்து காயத்தில் அப்பப் பார்த்தாள். அவள் கையைத் தட்டிவிட்டேன். "பல்லுல லவங்கம் வெக்கப் போயிருக்கா, அது வலி தாங்காமக் கடிச்சிருக்கு" என்று லவங்கத்தைக் காட்டிக் காட்டிக் கத்தினேன். யார் காதிலும் விழவில்லை.

வீட்டு ஓனர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கன்னடக்காரர், எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர். என் வீட்டு வாசலில் நின்றபடியே நாயை எட்டிப் பார்த்தார்.

"ஏனம்மா இது? ஜொள்ளு ஒழுகுது, இருட்டுல போய் குந்திக்கினு இருக்குது. ஹுச்சு நாயம்மா இது, ஹுச்சு."

"ஹுச்சும் இல்ல, வெறியும் இல்லீங்க. பல்லு ஒடஞ்சிருக்கு. டாக்டரு பாத்திருக்காரு."

"ஹுச்சு நாய் தண்ணியக் கண்டா ஓடும். வெச்சுப் பாத்தா தெரிஞ்சுபோகுது, அஷ்டே."

குழாயிலிருந்து ஒரு தட்டில் தண்ணீர் பிடித்து, குச்சியால் அதன் முன்னே தள்ளினார். நாய்க்குத் தாகம். முன்னால் வந்து நாக்கை நீட்டியது. தண்ணீர் பல்லில் பட்டதும் ஊளையிட்டுக்கொண்டு பின்னால் பாய்ந்து சுவரில் மோதியது. "நோடு, பாத்தியா?" என்றார் ஓனர். அவ்வளவுதான். பிள்ளைகளை வீட்டுக்குள் தள்ளிக் கதவுகளைச் சாத்தினார்கள். நான் அடுப்பிலிருந்த சொம்பை எடுத்து வந்து வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி வைத்தேன். நாய் தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தட்டைக் காலி செய்தது. அதைப் பார்க்க ஒரே ஒருத்திதான் நின்றாள். கையில் துணி சுற்றிய குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அதன் அம்மா.

"குடிக்குதே அக்கா" என்றாள்.

அன்று சாயங்காலமே பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். வெறிநாய்க்கடிக்கு அப்போதெல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றித்தான் ஊசி. கையில் போடும் ஊசி வந்திருந்தது என்றாலும், அது எங்கள் மாதிரி ஆட்களுக்கு வந்திருக்கவில்லை. டாக்டரம்மா குழந்தையின் கையைப் பார்த்துவிட்டு, நாய் யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன். அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றார். வட்டாரத்து நாய்க்கு யார் ஊசி போட்டார்கள் அந்த நாளில்? இல்லை என்றேன்.

"கட்டிப் போட்டு சோறு போடுங்க. ஊசி இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம். பத்து நாள் அந்த நாய் நல்லபடியா உயிரோட இருந்துச்சுன்னா கொழந்தைக்கு பயமில்ல, நிறுத்திடலாம். நடுவுல செத்துப்போச்சுன்னா, காணாமப் போச்சுன்னா, பதினாலு ஊசியும் போட்டாகணும். செத்தா தலையக் கொண்டாங்க, பரிசோதனைக்கு அனுப்பலாம்."

"அதுக்கு பல்லு வலிம்மா, வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

"பல்லு ஒடஞ்ச நாய்க்கு வெறி புடிக்காதா என்ன?" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை.

அந்த ஊசியைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை. குழந்தையை மேசைமேல் படுக்க வைத்து, அம்மாக்காரி கைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், நான் கால்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓர் ஆளால் பிடிக்க முடியாது. கவுனைத் தூக்கினால் முந்தைய நாள் போட்ட இடம் கன்றிப்போய்க் கட்டியாக இருக்கும், அதற்குப் பக்கத்திலேயே அடுத்தது. தினமும் காலையில் அப்பாக்காரர்தான் ஆட்டோவில் கூட்டிவந்து விடுவார். உள்ளே வர மாட்டார். வெளியே ஆட்டோவிலேயே உட்கார்ந்திருப்பார். ஊசி போடும் கம்பவுண்டர் மருந்தை ஏற்றும் முன் தினமும் ஒரே கேள்வி கேட்பார்: "நாய் இருக்கா?" இருக்கு என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொல்வோம்.

ஆக அந்த நாய் உயிரோடு இருக்க வேண்டும். அதற்குமுன் அது என் நாய், அதனால் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்போது குழந்தையின் வயிற்றுக்காக இருக்க வேண்டியதாயிற்று. என் கணவர் அதை மறுபடியும் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆளைக் கடித்த நாயின் வாய்க்குள் கைவிட முடியாது, பத்து நாள் கழித்து உயிரோடு இருந்தால் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதாவது பல் அப்படியே இருக்கும், வலியும் அப்படியே இருக்கும், நாய் மட்டும் சாகக் கூடாது. வாசல் கிரில்லில் சங்கிலியால் கட்டிப்போட்டோம். எதிர்வீட்டுக்காரி சோற்றைக் கூழாகக் கரைத்து, இளம்சூட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு அது நக்கி முடிக்கும்வரை குந்தியிருப்பாள். நான் மெஷினை நிறுத்திவிட்டு அடிக்கடி எழுந்து போய் அதன் விலா ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். சில நேரம் எனக்கு முன்னால் அவள் அங்கே நின்றுகொண்டிருப்பாள்.

ஓனர் வந்து நாயை விரட்டு, இல்லையென்றால் வீட்டைக் காலி செய் என்றார். நான் வாயைத் திறக்கும் முன் அவள் முந்திக்கொண்டாள். "கடிபட்டது எம் பொண்ணு. நானே அதுக்கு கஞ்சி ஊத்தறேன். உங்களுக்கு இன்னா வந்துது? அது மேல கை வெச்சீங்க, நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றாள். ஓனரிடம் வாடகைக்காரர் ஒருவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான். அவரும் முணுமுணுத்துக்கொண்டே மாடியேறிப் போய்விட்டார். இனி யாரும் நாயைத் தொட மாட்டார்கள் என்று நினைத்தோம். நாங்கள் காவல் காத்ததெல்லாம் அவரைப் போன்றவர்களிடமிருந்து.

ஆறாவது ஊசி முடிந்து வெளியே வந்தால் ஆட்டோவைக் காணவில்லை. சவாரி ஏதாவது கிடைத்திருக்கும் என்று எண்ணி, அழுது களைத்துத் தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தோம். கேட்டைத் திறந்ததும் முற்றம் ஈரமாக இருந்தது. அலம்பிவிட்டிருந்தார்கள். கிரில்லில் சங்கிலி மட்டும் தொங்கியது. ஆட்டோ சுவரோரமாக நின்றது. அதன் பின்சீட்டில், பயணி உட்காரும் இடத்தில், அவர் தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டையில் தண்ணீர் தெறித்திருந்தது.

"இன்னா பண்ண?" என்று கேட்டாள் அவர் மனைவி.

அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். "ஸ்டாண்டுல பெரியவங்க சொன்னாங்க அக்கா. கடிச்ச நாய் உயிரோட இருக்கற வரைக்கும் பாப்பா ஒடம்புல வெஷம் ஏறிக்கினே இருக்குமாம். அத முடிச்சாத்தான் எறங்குமாம். டாக்டருங்களுக்கு அதெல்லாம் தெரியாதாம். தெனம் அவ கத்தறது வெளிய ரோடு வரைக்கும் கேக்குது. நான் எத்தினி நாளைக்குக் கேட்டுக்கினு குந்தியிருப்பேன்?" பிறகு, "என்னப் பாத்து வால ஆட்டுச்சுக்கா" என்றார்.

எனக்கு அவர்மேல் பாய வேண்டும் போலவும் இருந்தது, அவர் தலையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவர் மனைவி ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு, மறு கையால் அவரைக் கன்னத்திலும் தோளிலும் மாறி மாறி அடித்தாள். "எங்க போட்ட? எங்க போட்ட அத?" ராஜகாலுவேயில் என்றார். ஈஜிபுராவின் சாக்கடையெல்லாம் போய்ச் சேரும் பெரிய கால்வாய் அது. தலை வேண்டுமே என்று நான் ஓடினேன். முதல்நாள் மழையில் கால்வாய் கரை வரைக்கும் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்கு எட்டிய தூரம் நடந்தேன். பிளாஸ்டிக் பைகளும் ஒரு செருப்பும் போயின. வேறு எதுவும் இல்லை.

குழந்தை விழித்துக்கொண்டு நாய் எங்கே என்று கேட்டது. பல் பிடுங்கப் போயிருக்கிறது என்று அதன் அம்மா சொன்னாள். குழந்தை அதை நம்பி விளையாடப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் அவள் என் வீட்டுக்கு வந்து மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள்.

"அக்கா, நாளைக்கும் கேப்பாரு இல்ல? நாய் இருக்கான்னு."

"கேப்பாரு."

"இருக்குன்னே சொல்லிட்டா? பத்தாவது நாள் வரைக்கும் அப்படியே சொன்னோம்னா நிறுத்திடுவாங்க. வந்து பாக்கவா போறாங்க? இல்லன்னு சொன்னா பதினாலும் குத்துவாங்க அக்கா. அவ வயித்துல எடமே இல்ல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியும் இல்ல, அதுக்கு வெறும் பல்லு வலிதான்னு. நீங்கதான சொன்னீங்க. நீங்க சொன்னா போதும் எனக்கு."

ஒரு வாரமாக இந்த வட்டாரம் முழுக்க என்னை நம்ப வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். ஓனரிடம் வாதாடினேன், டாக்டரம்மாவிடம் சொன்னேன், குழாயடியில் ஒவ்வொருத்தியிடமும் சண்டை போட்டேன். கடைசியில் ஒருத்தி முழுசாக நம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் நான் பார்த்தது ஒரு பல்லை. அது தெருத்தெருவாக அலைந்த நாய், எத்தனையோ நாய்களிடம் கடிபட்டிருக்கும். அதன் உடம்புக்குள் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? இன்றுவரை தெரியாது. அடுத்த நாலு நாள் அது உயிரோடு இருந்து காட்டியிருந்தால் தெரிந்திருக்கும். என் கணவர் வந்ததும் அவரிடம் கேட்டேன். அவர் அவிழ்ந்த சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே, "எங்கிட்ட கேக்காத" என்றார். நான் அவளுக்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் பஸ்ஸில்தான் போனோம். எங்களுக்கு முன்னால் ஒரு வயதானவருக்குப் போட்டு முடித்துவிட்டு, கம்பவுண்டர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். குழந்தை அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு சிணுங்கத் தொடங்கியிருந்தது.

"நாய் இருக்கா?" என்றார் கம்பவுண்டர்.

ஒரே குரலில் சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள். நான் இருக்கு என்று சொல்லியிருந்தால் அவளும் சொல்லியிருப்பாள்.

"இல்ல. செத்துப்போச்சு" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கீழே சேலைக்குள்ளிருந்து குழந்தை முகத்தை நீட்டியது. அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது, பிறகு கம்பவுண்டரைப் பார்த்துச் சொன்னது.

"இல்ல, இருக்கு. பெரிம்மா பொய் சொல்லுது."

கம்பவுண்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மாக்காரி குழந்தையைத் தூக்கி மேசைமேல் படுக்க வைத்து, அதன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நான் கால்களைப் பிடித்துக்கொண்டேன்.